காற்றுக்கு எத்தனை வருஷம்

என் தம்பி கம்ப்ரஸர் காற்றால் செத்தான். இதைக் கேட்கிறவர்கள் முதலில் "அடப்பாவமே" என்பார்கள். அப்புறம் காற்று எப்படி ஆளைக் கொல்லும் என்று கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள். நானே சொல்லிவிடுகிறேன். பேண்ட்டின் பின்பக்கம் வைத்து அழுத்திய பைப் வழியாகக் காற்று உள்ளே போனது. குடல் கிழிந்துவிட்டது. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. எங்கள் வீட்டில் அதுவரை "வயித்துல காத்து பூந்துச்சு" என்றுதான் பேச்சு. திருவள்ளூர் கோர்ட்டில் அப்படி மழுப்ப விடமாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கிற கம்பெனி ஒன்றில் அவனுக்கு கிரைண்டிங் வேலை. வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது ஆள் அடையாளம் தெரியாமல் கறுத்துப்போயிருப்பான். குளிக்க இடம் உண்டு, தண்ணீர்தான் வராது. அதனால் மெஷினுக்கு வருகிற ஏர் பைப்பை எடுத்து எல்லோரும் உடம்பில் அடித்துக்கொள்வார்கள். முன்பக்கம் அவரவரே ஊதிக்கொள்ளலாம். முதுகுக்கு இன்னொரு ஆள் வேண்டும். திரும்பி நின்றால் போதும், பக்கத்தில் இருப்பவன் கேட்காமலே ஊதிவிடுவான். சூப்பர்வைசரும் அப்படித்தான் வீட்டுக்குக் கிளம்புவார். காற்றை உடம்பில் அடிக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் சுவரில் ஒரு போர்டு இருக்கிறது. அந்தப் போர்டில் படிகிற தூசியையும் அதே பைப்பால்தான் ஊதித் தள்ளுவார்கள் என்று தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

தம்பியின் முதுகுக்கு எப்போதும் ஒரே ஆள்தான். கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரன். சொந்த நிலம் இருக்கிறது. ஆனாலும் மாதச் சம்பளம் இருந்தால்தான் பெண் கொடுப்பார்கள் என்று கம்பெனிக்கு வந்து சேர்ந்தவன். அந்த மாதிரி நிலங்களில் கூலிக்கு இறங்கிய ஜனம் நாங்கள். அவன் எங்கள் வீட்டு அடுப்படி வரை வந்து, கிறிஸ்துமஸ் பிரியாணியைச் சட்டியிலிருந்தே எடுத்துத் தின்பான். தம்பி அவன் வீட்டுக்குப் போனால் வாசலோடு சரி. தம்பி அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டான். எனக்கு உறுத்தும். அந்த நண்பன் காதுபடச் சொல்லிக்காட்டியும் இருக்கிறேன்.

அன்றைக்கும் தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். முதுகை ஊதியவன் விளையாட்டாகப் பைப்பைக் கீழே இறக்கி அழுத்தியிருக்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். தம்பியும் சிரித்துக்கொண்டே துள்ளினானாம். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் அட்டைப்பெட்டி மடிக்கிற கம்பெனியில் வேலையில் இருந்தேன். சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, வயிறு உப்பிக்கினு வலிக்குது. கிளினிக்குல குந்திக்கினுகிறேன். அம்மாவாண்ட சொல்லாத, பேஜாரு பண்ணும்."

"இன்னாடா துன்ன?"

"ஒண்ணும் துன்னல. டாக்டராண்ட சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லச் சொல்லிக்கிறேன் இவனை."

"அப்போ நெஜமா இன்னாதான்டா?"

"ஊட்டுக்கு வந்து சொல்றேன்கா. வெக்கக்கேடு."

சிரிக்கப் பார்த்தான். முடியாமல் வைத்துவிட்டான். அவன் வீட்டுக்கு வரவில்லை. கிளினிக்கில், பைப்பைப் பிடித்த அதே நண்பன் சொன்னதைக் கேட்டு, சாப்பாட்டுக் கோளாறு என்று நம்பி ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த தம்பி ரயில்வே கேட் தாண்டுவதற்குள் சரிந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வந்து சென்னைக்குக் கொண்டுபோனது. அங்கே டாக்டர் அதட்டிக் கேட்டதும் நண்பன்தான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்தினார். மறுநாள் தம்பி எங்களுக்கு இல்லை.

அதற்கு முந்தின வாரம் கேண்டீனில் இரண்டு பேருக்கும் ஒரு முட்டைக்காகச் சண்டை என்று யாரோ போலீசில் சொல்லிவைக்க, கொலை வழக்காகிவிட்டது. எங்கள் தெருவில் இரண்டு பெரியவர்கள் வந்து, அவன் இன்ன ஜாதி, நாம் இன்ன ஜாதி, அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், கேஸ் இறுகும் என்றார்கள். நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். வாசலோடு நிறுத்தியது அவன் வீட்டார் செய்தது. அந்தப் பைப்பைப் பிடித்த கையில் அது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எழுதச் சொல்லியிருப்பேன், தயங்கியிருக்க மாட்டேன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கேஸ் நடந்த காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் வீட்டிலேயே கோர்ட் கூடிவிடும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். முன்னால் அவரும் கிரைண்டிங் வேலை பார்த்தவர்தான், இப்போது ஒரு குடோனுக்கு வாட்ச்மேன்.

"என் முதுக எத்தினி பேரு ஊதி வுட்டுக்கிறாங்க தெரியுமா? நானும் வெளையாடிக்கிறேன். அவன் கொல்லணும்னு பண்ணல," என்பார்.

"கொல்லணும்னு பண்ணாதான் சாவா? எம்புள்ள பொய்யா செத்தான்?" என்பாள் அம்மா. "அவன் வெளிய வரவே கூடாது. அவன் அம்மாவும் என்னிய மாதிரி வாசலையே பாத்துக்கினு குந்தியிருக்கணும்."

"இவன் ஆயுசுக்கும் உள்ள கெடந்தா உம்புள்ள வந்துருவானா?"

"வரமாட்டான். அதுக்குன்னு இவன் ஊட்ல துன்னுக்கினு கெடக்கணுமா?"

இரண்டு பேரும் அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. பையன்கள் எப்படி விளையாடுவார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் காற்றடித்ததைக்கூட என்னால் விழுங்க முடிந்தது. பொய்யைத்தான் விழுங்க முடியவில்லை. பக்கத்தில் ஒருத்தன் சுருண்டு கிடக்கும்போது சாப்பாடு ஒத்துக்கவில்லை என்று டாக்டரிடம் சொல்ல எப்படி வாய் வந்தது? வேலை போய்விடும், போலீஸ் வரும் என்று தன்னைப் பற்றித்தானே நினைத்திருப்பான்? "அடிச்சதுக்கு வேணாம். மறைச்சதுக்குக் குடுக்கட்டும், எத்தினி வருசம் வேணா குடுக்கட்டும்," என்று தட்டில் கையை உதறிக்கொண்டு கத்துவேன். கத்தி முடித்ததும் போனில் தம்பி சொன்னது ஞாபகம் வரும். சொல்லச் சொல்லிக்கிறேன் இவனை. உடனே தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவேன். போனில் அவன் வயிற்று வலி என்றதை மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

அரசு வக்கீல் ஒரு அம்மா. பொறுமையானவர். சாட்சி சொல்லப் போகிற நாளுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

"கொல்லணும்னே செய்யறது ஒண்ணு. செத்துப்போகலாம்னு தெரிஞ்சும் செய்யறது இன்னொண்ணு. அஜாக்கிரதையா செய்யறது வேற. ஒண்ணொண்ணுக்கும் தண்டனை மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்மா. முட்டைச் சண்டையெல்லாம் நிக்காது. அவன் டாக்டர்கிட்ட பொய் சொன்னான் பாருங்க, அதுதான் நம்மகிட்ட இருக்கறதுல பலமான விஷயம். செஞ்சது என்னன்னு தெரிஞ்சதாலதானே மறைச்சான்?"

போனில் தம்பி சொன்னதை அவரிடம் சொன்னேன். முதன்முதலாக ஒரு ஆளிடம் சொன்னது அப்போதுதான். அவர் பேனாவை மூடிவைத்தார்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"போன் வந்துச்சா, இன்னா சொன்னான்னு கேட்டாங்க. வயித்து வலின்னு சொன்னேன். அதுக்கு மேல கேக்கல."

"கூண்டுல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க. கேக்காததை எடுத்துக் குடுக்கணும்னு அவசியம் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. அவர் எங்கள் பக்கம் நின்றார். எனக்குத்தான் எங்கள் பக்கம் எது என்று குழப்பமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், தம்பியைக் கொன்றவனுக்குத் தண்டனையை என் வாயாலேயே குறைத்தவள் ஆவேன். அம்மா என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

பெரியபாளையம் போய் பஸ் மாறி திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் அவன் அம்மா, மறுமுனையில் என் அம்மா. நடுவில் யாரும் உட்காரவில்லை. நைனாவும் நானும் உள்ளே போனோம். அவன் ஜாமீனில் வந்திருந்தான், பின்சுவரோரம் நின்றிருந்தான். நன்றாக இளைத்திருந்தான். பார்த்ததும் எனக்கு இரக்கம் வரும் என்று பயந்திருந்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. அதில் ஒரு நிம்மதி.

அரசு வக்கீல் கேட்டதெல்லாம் சுலபமாக முடிந்தது. அவனுடைய வக்கீல் எழுந்து, கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே, பேருக்குத்தான் கேட்டார்.

"சம்பவத்தன்று உங்க தம்பி உங்ககிட்ட போன்ல பேசினாரா?"

"பேசினான்."

"என்ன சொன்னார்?"

வயிறு வலிக்கிறது என்றான் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். பொய்யும் ஆகாது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்து அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. டாக்டர் பேசினார், போலீஸ் பேசினார், சிரித்துக்கொண்டு நின்றவர்கள்கூட வந்து பேசிவிட்டுப் போனார்கள். செத்தவன் பேச வழியில்லை. அவன் கடைசியாகப் பேசிய பேச்சு என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதைப் பாதியாக நறுக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"வயிறு வலிக்குதுன்னு சொன்னான். டாக்டராண்ட சாப்பாடு ஒத்துக்கலன்னு சொல்லச் சொல்லிக்கிறேன் இவனைன்னு சொன்னான்."

வக்கீலின் கை புரட்டுவதை நிறுத்தியது. நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யார் சொல்லச் சொன்னது?"

"என் தம்பிதான் ஐயா."

"ஏன்?"

"எங்க அடிபட்டுச்சுன்னு சொல்ல வெக்கம் ஐயா அவனுக்கு. வெக்கக்கேடுன்னான்."

எங்கே என்று அவர் கேட்டார். சொன்னேன். டைப் அடிக்கிறவர் அதையும் அடித்தார். அப்போதுதான் அந்த வக்கீல் திரும்பித் தன் கட்சிக்காரனைப் பார்த்தார். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்கிற பார்வை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தன் தண்டனையைக் குறைக்கக்கூடிய ஒரே வார்த்தையை அவனும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான், தன் வக்கீலிடம்கூட. செத்துப்போன நண்பன் மேல் பழி போடக் கூடாது என்று நினைத்தானா, சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டானா, எனக்குத் தெரியாது. இத்தனை நாள் நான் கத்திய கத்தலெல்லாம் யாருக்கு என்று ஆகிவிட்டது.

நைனா வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றையிலிருந்து என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், தட்டைப் பார்த்துப் போடுவாள்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொலை இல்லை என்றார் நீதிபதி. கொல்லும் எண்ணம் கிடையாது. ஆனால் சுவரில் போர்டு இருந்தது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே செய்த காரியம் என்றார். தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று அவனைக் கேட்டார்கள். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, குறைத்துக் கொடுங்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள் என்று அரசு வக்கீல் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். அவன் கைகட்டிக்கொண்டு, "நீங்க குடுக்கறத குடுங்க ஐயா," என்றான். ஐந்து வருஷம் கொடுத்தார்கள்.

ஐந்து நியாயமா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். நைனா அதிகம் என்கிறார். எனக்குச் சில நாள் குறைவு என்று படுகிறது, சில நாள் சரிதான் என்று படுகிறது. போர்டைத் தொங்கவிட்டு அதன் கீழேயே நின்று முதுகு ஊதிக்கொண்ட சூப்பர்வைசருக்கு எத்தனை வருஷம் என்று யாரும் கணக்குப் போடவில்லை. தண்ணீர் வராத குழாயை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. இருந்த சட்டத்தை வைத்துக்கொண்டு நீதிபதி மனசாட்சியோடு செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தீர்ப்பு அன்று திரும்பும்போது பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில், வீட்டுக்குப் போக கவரைப்பேட்டை வழி பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். நைனா டீ வாங்கப் போயிருந்தார். ஐந்து வருஷத்துக்காகத்தான் அம்மா இப்படி இறுகி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தள்ளி நின்றேன். அவளாகவே என்னைக் கூப்பிட்டாள்.

"அவனேதான் அப்பிடி சொல்லச் சொன்னானா?"

"ஆமாம்மா."

"எடத்த சொல்ல வெக்கப்பட்டுக்கினா?"

"ஆமா. உன்னாண்ட சொல்ல வேணாம்னான்."

அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அதை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொறந்ததுலேந்து நான் கழுவி வுட்ட எடம்டி அது. என்னாண்ட இன்னாடி வெக்கம் அவனுக்கு?"