நெருப்பு ஏறாத மாடி

மாலையில் வகுப்பு முடிந்து ஏனாத்தூரிலிருந்து பேருந்தில் திரும்பியதும் நான் முதலில் செய்யும் வேலை, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குக் குழம்பை மாற்றுவது. மாடிப்படியின் மேல்படியில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று தட்டால் மூடி வைக்கப்பட்டிருக்கும். அதிலுள்ளதை என் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியால் வழித்தெடுத்து, எவர்சில்வரைக் கழுவி வைத்த பிறகுதான் சூடாக்குவேன். ஈப்போவில் இருந்தவரை எந்தப் பாத்திரத்தில் சாப்பிடுகிறேன் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தின் இந்த வீட்டில், உணவைப் பாத்திரம் மாற்றுவதும் ஒருவகைப் பேச்சுதான். அந்தப் பேச்சை நான் அறியாமலே பல மாதங்கள் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை, ஈப்போவிலும் கிள்ளானிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும், இங்கே என்னைப் போலவே வந்து தங்கியிருப்பவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்காரர் சகுந்தலாம்மா. கீழே இரண்டு பட்டுத்தறிகள். ஒன்றில் அவர் கணவரும் மற்றதில் மகனும் நெய்கிறார்கள். மருமகள் கோமதி, தறியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சிறு குழல்களில் சுற்றித் தருகிறாள். தமிழிலக்கியம் படிக்க மலேசியாவிலிருந்து வந்த எனக்கு மாடியறையை வாடகைக்கு விட அவர்கள் அதிகம் யோசிக்கவில்லை. ஒரே ஒரு விதிதான் இருந்தது.

“மேல அடுப்பு மட்டும் ஆவாதும்மா. கேஸு, மண்ணெண்ண ஸ்டவ்வு, ஊதுவத்திகூட வேணாம். கீழ பட்டு இருக்குது.”

“மின்சார அடுப்பு வைக்கலாமா?”

“அதுல நெருப்பு தெரியுமா?”

“தெரியாது. உள்ளே ஒரு தட்டு சுற்றும், விளக்கு எரியும்.”

“லைட்டுதானே, எரிஞ்சிட்டுப் போவட்டும்.” பிறகு, போகிற போக்கில் கேட்பவர்போல, “சொந்த ஊரு இன்னா?” என்றார்.

“ஈப்போ.”

“அது சரி. அதுக்கு முன்னாடி?”

“வாலாஜாபாத் பக்கம் என்று சொல்வார்கள்.”

“வாலாஜாபாத்ல எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி வரும் என்று விமான நிலையத்திலேயே அம்மா, எங்கள் மலேசியப் பேச்சின் ‘லா’வோடு, சொல்லியிருந்தார். “கேட்டா ஈப்போன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா சிரிச்சிட்டுப் போயிரு லா.” நான் சிரித்தேன். சகுந்தலாம்மாவும் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

என் கொள்ளுத்தாத்தா பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். கூழை அவர் கையில் தரமாட்டார்களாம். அவர் கொண்டுபோன சட்டியில் உயரத்திலிருந்து ஊற்றுவார்களாம். ஏரிக்கு அந்தப் பக்கம் என்பதைத் தவிர, எங்கள் குடும்பத்தில் ஊரைப் பற்றி எஞ்சிய செய்தி இது ஒன்றுதான். கப்பலேறியவர் வேறு எதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அந்தச் சட்டியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

மைக்ரோவேவ் என்கிற நுண்ணலை அடுப்பு சுலபமாகக் கிடைத்தது. அதற்குள் வைக்கத் தகுந்த பாத்திரம் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. பாத்திரக்கடையில் தரையிலிருந்து கூரைவரை எவர்சில்வர் அடுக்கியிருந்தது; என் முகமே பல நூறு துண்டுகளாக அங்கே தெரிந்தது. கண்ணாடிக் கிண்ணம் வேண்டும் என்றேன். கடைக்காரர் அடித்தட்டிலிருந்து ஒரு சிறு கோப்பையை எடுத்துத் துடைத்தார்.

“ஐஸ்கிரீம் சாப்பிடறதுக்காம்மா?”

“சோறு ஆக்குவதற்கு.”

அவர் என்னை ஒருமுறையும் கோப்பையை ஒருமுறையும் பார்த்தார். “கண்ணாடியில சோறா? ஏம்மா, ஒனக்குக் கல்யாணம் ஆயிருக்கா?” என்று கேட்டு, பக்கத்தில் நின்ற பெண்மணியைச் சிரிக்க வைத்தார். சூடு தாங்கும் கண்ணாடியைத் தேடி அடுத்த வாரம் சென்னைக்குப் போய்வந்தேன்.

ஈப்போவில் நாங்கள் ஒரு ரூமா பங்சாவில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், இருந்தோம். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். குளிர்பெட்டியில் என் பங்கு சோறும் கறியும் இருக்கும். தனியே இருக்கும் பிள்ளை கேஸ் அடுப்பைத் தொடக்கூடாது என்பதற்காகவே அம்மா மைக்ரோவேவ் வாங்கினார். விடுமுறை நாளொன்றில் என்னை நாற்காலியில் ஏற்றி நிறுத்தி, அதன் ஒழுக்கங்களை ஒப்பிக்க வைத்தார். இரும்பு, எவர்சில்வர், அலுமினியத்தாள் எதுவும் உள்ளே போகக்கூடாது, பொறி பறக்கும். முட்டையை ஓட்டோடு வைத்தால் வெடிக்கும்; உடைத்து ஊற்றினாலும் மஞ்சள் கருவைக் குத்திவிட வேண்டும். உருளைக்கிழங்கை முள்கரண்டியால் சுற்றிலும் குத்த வேண்டும். மூடியை இறுக்கக்கூடாது, திறக்கும்போது ஆவி முகத்தில் அடிக்காதபடி அந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொல்வார்: “ஓரம் கொதிக்கும், நடுவுல ஐஸ் மாதிரி இருக்கும். கிளறு. கொஞ்சம் வெயிட் பண்ணு. அவசரப்பட்டு வாயில போடாதே.” மற்றப் பிள்ளைகளுக்கு அடுப்பங்கரையில் அம்மா நிற்பார். எனக்கு அந்தப் பெட்டியின் விளக்கு எரியும். சமைத்து முடிந்ததும் அது கூப்பிடும். கதவைத் திறக்கும்வரை விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாப்பிட வா என்று என்னை அழைத்த குரல் பெரும்பாலும் அதுதான்.

இங்கும் அந்த ஒழுக்கங்களின்படியே வாழ்கிறேன். அரிசியை ஊறவைத்து, பொங்கி வழியாத பெரிய கிண்ணத்தில், மூடியைச் சற்று விலக்கி, மிதமான சூட்டில் வைக்கிறேன். துவரம்பருப்பு முரண்டு பிடிக்கும், பாசிப்பருப்பு இணங்கும். மின்சாரம் போனால் பாதி வெந்த சோற்றோடு காத்திருக்க வேண்டும். பகல் முழுவதும் உரைகளையும் உரைகளுக்கான உரைகளையும் படித்துவிட்டு வந்து, பாசிப்பருப்பு மறுபடி வேகுமா என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, களைப்பு உடம்பில் இருக்கிறதா மனத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய முடிவதில்லை. அந்த நாள்களில் கீழ்வீட்டுக் கிண்ணம் பெரிய ஆறுதல். நான் கேட்காமலே வந்தது அது.

ஒருநாள், நான் குழம்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது சகுந்தலாம்மா வாசலில் நின்றார். வடாம் எடுக்க மொட்டைமாடிக்கு வந்தவர்.

“ஏம்மா மலேசியா, எங்க வூட்டுக் கிண்ணத்துல சாப்புட்டா எறங்காதா ஒனக்கு?”

“இல்லை அம்மா. உங்கள் பாத்திரம் இதற்கு ஆகாது.”

பாடநூலைப் போலத் திருத்தமாகச் சொன்னேன். திருத்தமாகச் சொன்னதாலேயே அது கொடிய வாக்கியமாகிவிட்டது. அவர் “ஓகோ” என்றார். வடாத்தை முந்தானையில் அள்ளிக்கொண்டு இறங்கிப்போனார். பின்னாலேயே ஓடி விளக்கியிருக்கலாம். எனக்கு ஓடிப்போய் விளக்கும் சுபாவம் இல்லை. நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாளும் கிண்ணம் வந்தது. ஆனால் இப்போது நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். தினமும் வருவது விளிம்பு நசுங்கிய அதே கிண்ணம்தான். நான் கழுவித் திருப்பித் தந்த பிறகு அது சமையலறை அடுக்குக்குப் போகவில்லை. கொல்லைக் குழாயடியில், துவைக்கும் கல்லின்மேல், தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. மற்றப் பாத்திரங்கள் உள்ளே ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன. மாடி ஜன்னலிலிருந்து அந்தக் கல் நன்றாகத் தெரியும். கொள்ளுத்தாத்தாவின் சட்டி எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடல் தாண்டிப் பிழைத்து, படித்து, திரும்பி வந்தால், சட்டி இன்னும் அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. மிகுந்த அலுப்புத்தான் வந்தது. அறையைக் காலி செய்வதென்று முடிவு செய்து அம்மாவை அழைத்தேன்.

“அவங்ககிட்ட கேட்டியா?”

“இல்லைம்மா.”

“கேக்காமலே பெட்டி கட்டுறியா?”

“கேட்டால் அவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?”

அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு மைக்ரோவேவ் கூப்பிட்டது. “சாப்பிட்டியா?” என்றார்.

பருவத்தேர்வு முடிந்ததும் போய்விடுவதென்று நாளைத் தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு பகலில் கீழ்வீட்டுக் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. சகுந்தலாம்மா உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆண்கள் தறியில் இருந்தார்கள். கோமதிக்கு அப்போது ஏழாம் மாதம். அவள் படிக்கட்டில் பாதிவரை ஏறிவந்து நின்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவள் மாடிக்கு வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பசிக்குதுபா. அந்தப் பொட்டில ஒரு வாய் கஞ்சி வெக்க முடியுமா?” என்றாள். நான் அரிசியை எடுக்கத் திரும்புவதற்குள், “இல்ல, வேணாம் வேணாம்” என்றாள்.

“ஏன்?”

“திட்டாத. அதுலருந்து கதிர் வருதுன்னு யூடியூப்ல சொல்றாங்க. மொதல்ல ஒண்ணு தங்கல எனக்கு. அதான் அத்தை ஒன் கிண்ணத்தக்கூட உள்ள சேக்காம கல்லுமேல வெச்சிருக்குது. அது பொட்டிகிட்ட போய்ட்டு வருதில்ல?”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எவர்சில்வர் அதற்குள் போகவே முடியாது, போனால் பொறி பறக்கும், அதனால்தான் மாற்றுகிறேன் என்று, சகுந்தலாம்மாவிடம் சொல்லாத எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கதவு சரியாக மூடும் அடுப்பிலிருந்து அச்சப்படும்படி எதுவும் வெளியே வராது, சூடான உணவில் சூட்டைத் தவிர ஒன்றும் தங்காது என்பதையும் சொன்னேன்.

“அதுக்குத்தான் மாத்தறியா? அத்தை இன்னா நெனச்சிக்கினு இருக்குது தெரியுமா? நாங்க ஆக்கறது ஒனக்கு அசிங்கமா இருக்குதாம்.” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அப்படியானால் கஞ்சி வைக்கட்டுமா?”

சிரிப்பு நின்றது. “வேணாம்பா. நீ சொல்றத நான் நம்பறேன். உள்ள இருக்கறதுகிட்ட யாரு போய் சொல்றது?”

நான் வற்புறுத்தவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் தந்தேன். பாதிப்படியிலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு இறங்கினாள்.

மறுநாள் மாலை, ஊறவைத்திருந்த அரிசியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியபோது, படிக்கட்டில் கொலுசுச் சத்தம் கேட்டது. சகுந்தலாம்மா கிண்ணத்தை மேல்படியில் வைத்துவிட்டுப் போகவில்லை. நடுப்படியில் நின்று என்னை இறங்கி வரச் சொன்னார். சோற்றில் வத்தக்குழம்பை ஊற்றி, அவரே பிசைந்து கொண்டுவந்திருந்தார்.

“வாயத் தொறந்து சொன்னா முத்து உதுந்துடுமா? இரும்பு போனா நெருப்பு வரும்னு ஒரு வார்த்த.”

“நீங்களும் சொல்லவில்லையே அம்மா.”

“புள்ளத்தாச்சி பயந்துக்கினு இருக்கறான்னு ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிப்பாங்களா? உக்காரு. இதுலியே சாப்புடு. நான் பாக்கணும்.”

உட்கார்ந்து அந்த நசுங்கிய கிண்ணத்திலேயே சாப்பிட்டேன். சோறு ஆறியிருந்தது. சூடாக்காமல் சாப்பிட்டால் குழம்புக்குப் புளிப்பு இத்தனை தெளிவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவர் எனக்கு மேலே ஒரு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முதல் நாள் கேட்டதைவிட மெதுவாகக் கேட்டார்.

“வாலாஜாபாத்ல எந்தப் பக்கம்மா?”

இந்த முறை எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. “ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம்” என்றேன்.

வாசலில் யாருடைய சைக்கிளோ மணியடித்துப் போயிற்று. “ஆறிப்போவுது, சாப்புடு” என்றார் சகுந்தலாம்மா, ஏற்கெனவே ஆறிப்போனதை. முடித்ததும் கழுவித் தருகிறேன் என்று எழுந்தேன். “குடு” என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கினார். அந்தக் கிண்ணம் இன்று மாடிக்கு வரவில்லை. பெட்டியின் பக்கமே போகவில்லை. கல்லின்மேல் கவிழ்க்க இன்று கோமதியின் பயம் காரணமாகாது.

கீழே குழாய் திறக்கும் ஓசை. கிண்ணத்தில் நீர் விழும் ஓசை. அடுக்கில் வைத்தால் பாத்திரத்தோடு பாத்திரம் மோதி ஒலிக்கும். கல்லில் வைத்தால் ஒற்றைச் சத்தம். இரண்டையும் நான் நன்றாக அறிவேன். மேலே சோறு வெந்து, அடுப்பு என்னைக் கூப்பிடத் தொடங்கியிருந்தது. போய்த் திறந்தால் அதன் குரல் நின்றுவிடும்; ஆனால் மேலே போனால் கீழே வைப்பது கேட்காது. குழாய் நின்றது. அடுப்பு இன்னொரு முறை கூப்பிட்டது. நடுப்படியில், குழம்புக் கையோடு, நான் நின்றுகொண்டிருந்தேன்.