கீழே வைத்த கியர்

சித்தி வந்ததில் எனக்குச் சந்தோஷம் கிடையாது. மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பது வயது வரை சித்தப்பாவுக்கு நான்தான் எல்லாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. சேலத்தில் இரண்டு உடைசல் கார்களை வாங்கி வந்து, ராசிபுரம் பக்கம் எங்கள் மாட்டுக் கொட்டகையில் சித்தப்பா சொந்தமாக ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. எதை எங்கே மாட்டலாம் என்று என்னிடம்தான் கேட்பார். நான் சொன்னதை ஒருநாளும் செய்ததில்லை. ஆனாலும் கேட்பார். ஓடும்போது பக்கத்தில் உன்னைத்தான் உட்கார வைப்பேன் என்றும் சொல்லியிருந்தார்.

அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. காரில் கியர்தான் பாக்கி. ஒரு உடைசலில் கியர்த்தண்டு தரையில் இருந்தது. இன்னொன்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே. தரையில் வைத்தால் தொட்டவுடன் கியர் விழும், ஆனால் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஸ்டியரிங்கில் வைத்தால் கம்பிகள் தேய்ந்து ஆடும், ஆனால் நடுவில் ஒரு சின்ன ஆளுக்கு இடமுண்டு. அந்தச் சின்ன ஆள் நான்.

“மேலயே வெச்சுருங்க சித்தப்பா.”

அவர் வாசலில் மோர்ச் செம்போடு நின்ற சித்தியைப் பார்த்தார். “ஏம்புள்ள, நீ என்ன சொல்றே?”

“எனக்கென்னங்க தெரியும்?” என்றாள். பிறகு செம்பை வைத்துவிட்டுத் தரைக் கியரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். “இதே இருக்கட்டுங்க.”

முடிந்தது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

எங்கள் வீட்டில் புதுசாகக் கட்டியவர்கள் பெரியவர்கள் முன்னால் பேசிக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது. அப்பாவின் அப்பாவான அப்பாருதான் அதற்குக் காவல். காரை மட்டும் அவர் அனுமதித்தார். “நடுவுல வேலி போட்டாப்பல இரும்பு நிக்குதல்லோ!” என்று மெச்சினார்.

வெண்ணந்தூர் ரோட்டில் முதல் ஓட்டம். என்னைப் பின்னால் பெட்ரோல் டாங்கி மேல் மூட்டைபோல வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தேன். கியர்க் குமிழ் மேல் சித்தியின் கை. அதன் மேல் சித்தப்பாவின் கை. கியரே மாற்ற வேண்டாத நேர் ரோட்டிலும் இரண்டும் அங்கேயே இருந்தன.

வீடு திரும்பிக் களத்தில் இறங்கியதும் எல்லோர் முன்னாலும் கத்தினேன். “அப்பாரு! சித்தி கியரப் புடிச்சுக்கிட்டு உடவே மாட்டேங்கறாங்க! சித்தப்பா அவிய கையோட சேத்தித்தான் போடறாரு!”

களத்துப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இனிப் பொம்பளைக யாரும் அதுல ஏறப்படாது. கொழந்த வேணா ஏறட்டும்.”

மறுநாள் அந்த சீட் எனக்குக் கிடைத்தது. ஜெயித்துவிட்டேன். சித்தி வாசலுக்கே வரவில்லை. கார் நகர்ந்ததும் நானும் குமிழ் மேல் கை வைத்தேன். சித்தப்பா எடுத்துவிட்டார். மறுபடி வைத்தேன். வண்டியை நிறுத்தி, ரோட்டையே பார்த்துக்கொண்டு, “எடு சாமி” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தியைவிட லேசாகத்தானே வைத்தேன்? அவள் கை வைத்தபோது விழுந்த கியர் நான் வைத்தால் மட்டும் ஏன் விழாது என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.