நீதவான்கள் குடித்த தேத்தண்ணி

எங்கள் கோயில் தலைவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் கவர்னர். அவருடைய தகப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கோர்ட்டில் கிளாக்கராக இருந்தவர். அதனால் நியாயம் என்றால் என்னவென்று லண்டனில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவருடைய நினைப்பு.

மடப்பள்ளியில் நெய் டின்கள் காணாமல் போகத் தொடங்கியபோது, விசாரிக்க மூன்று பேரை அவரே நியமித்தார்: ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், அப்டன் பார்க்கில் புடைவைக்கடை வைத்திருப்பவர், நான். அன்றிலிருந்து எல்லோரும் எங்களை நீதவான்மார் என்று நக்கலடித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் சமையல்காரர், கும்பகோணத்துக்காரர். கோயில் ஸ்பொன்சரில்தான் அவருக்கு விசா. வேலை போனால் மனைவியையும் பரீட்சைக்குப் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறவேண்டியதுதான். குற்றம் சாட்டியவரோ, களஞ்சியத்தைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் கவர்னரின் மச்சான். எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

குட்மேய்ஸில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்த சமையல்காரரிடம் போய் விசாரித்தோம். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். எங்கள் ஆட்கள் கோபமுள்ள வீட்டில் பச்சைத்தண்ணிகூட வாயில் வைக்கமாட்டார்கள். வைத்தால் மனதில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். விசாரிக்கப் போனவன் குடிக்கலாமா? மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தப் பெண் தட்டத்தை நீட்டியபடியே நின்றார். நான்தான் முதலில் எடுத்தேன். பிறகு மற்ற இருவரும் எடுத்தார்கள்.

அவர்மேல் பிழையில்லை என்பதில் எங்களுக்குள் இரண்டாம் பேச்சே இருக்கவில்லை. ஆனால் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் நாங்கள் வாயெடுக்க முதலே கவர்னர் எழும்பிவிட்டார்.

"எதிராளி வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுறியளோ? அந்தக் காலத்தில எண்டால் இப்பிடிப்பட்ட நீதவானைக் கவர்னர் அடுத்த கப்பலில சீமைக்கு அனுப்பியிருப்பார்."

புடைவைக்கடைக்காரர் விடவில்லை. "அண்ணை, எங்களை நியமிக்க உங்களுக்கு ஏலும். எப்பிடி விசாரிக்கிறது எண்டு சொல்ல ஏலாது."

"நான் வைச்ச ஆக்களை நானே நீக்கிறன்."

நீக்கியும் விட்டார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். புதிதாக வந்த மூவரும் யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கவில்லை. சமையல்காரரிடம் ஒரு கேள்வியும் கேட்கவுமில்லை. அவருடைய வேலை போனது.

தேத்தண்ணிக் கதை கவர்னரின் காதுக்கு எப்படிப் போனது? சமையல்காரர் வீட்டார் தங்கள் தலையில் தாங்களே மண்ணள்ளிப் போடுவார்களா? அப்படியென்றால் எங்களில் ஒருவர். கணக்காளர் கோயிலுக்கு வந்துபோவதே கவர்னரின் காரில்தான். பிறகு யோசித்தால் புடைவைக்கடைக்காரர் அவ்வளவு சத்தம் போட்டதும் நடிப்போ என்று பட்டது. இருவரோடும் கதைப்பதை விட்டேன். அப்டன் பார்க் பக்கம் போனால் தெருவின் மற்றக் கரையால்தான் நடந்தேன்.

ஊருக்குப் புறப்பட முதல் சமையல்காரர் விடைபெற என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள்.

"உங்களை மறக்கவே மாட்டேன் சார். நீங்க மூணு பேரும் எங்க வீட்ல டீ குடிச்சீங்க. மறுநாளே தலைவர்கிட்ட போய்ச் சொன்னேன்."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"திருடன்னு நெனச்சிருந்தா எங்க வீட்ல தண்ணிகூட குடிச்சிருப்பாங்களா, அவங்க என்னை நம்பிட்டாங்க ஐயான்னு சொன்னேன். அவரும் சந்தோஷமா கேட்டுக்கிட்டார். அப்புறமும் ஏன் இப்படி ஆச்சுன்னுதான் புரியலை."

அதனால்தான் வேலை போனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றுதான் வந்தது.

அவர் என் வீட்டுத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையை என் கையில் தந்தார்.