கலப்பத்து அடித்த அறை

தோணிக்குக் கலப்பத்து அடிப்பதை நம் தூத்துக்குடிக் கரையில் பார்க்காதவர் இருக்க முடியாது. பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் தண்ணீர் புகாது. வீட்டுக்கும் அப்படி அடிப்பதை இலங்கையில் இந்தக் கற்பிட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபிறகுதான் பார்த்தேன். நான் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் அறையின் மேற்குச் சுவர் பழைய வள்ளத்துப் பலகைகளால் ஆனது. பிள்ளை பிறந்த மறுநாள் என் கணவரின் அக்கா றோசலின் மச்சாள் மெழுகுதிரியோடு வந்தார். பலகைப் பொருத்துகளின் மேல் அதை மெதுவாக நகர்த்தினார். சுடர் சாய்ந்த இடத்திலெல்லாம் கரியால் கோடு போட்டார். கோடு போட்ட இடமெல்லாம் மத்தியானத்துக்குள் அடைபட்டுவிட்டது. பிறகு யன்னலுக்கு ஆணி அடித்தார். கூரையின் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே பழைய பாய்த்துணியை இழுத்துக் கட்டினார். கட்டிலுக்கடியில் சிரட்டைத் தணல் சட்டியை வைத்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பச்சை உடம்பில் பட்டால் தாயும் பிள்ளையும் தப்பாதாம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டியது. போரினால் கடல் கடக்கப் பயண அனுமதி கிடைக்கவில்லை. இது கச்சான் வீசும் காலம் என்பதால் கணவர் மற்ற ஆண்களோடு கிழக்குக் கரையில் மீனவர்கள் தங்கும் வாடிக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறார். கோயிலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் நாள்வரை நான் வாசற்படி தாண்டக்கூடாது. நான் மருத்துவச்சிப் படிப்பு படித்தவள். எங்கள் ஆஸ்பத்திரியில் காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை சன்னல்களைத் திறப்பது, இரண்டாவது கை கழுவுவது, மூன்றாவதுதான் நோயாளியைத் தொடுவது. வெள்ளைக்கார மேட்ரன் இந்த வரிசையை மாற்ற விடமாட்டார். அந்த வரிசையின் முதல் வேலையையே இங்கே என்னால் செய்ய முடியவில்லை. யன்னலைக் கொஞ்சம் திறக்கக் கேட்டபோது, எனக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று மச்சாள் எடுத்துக்கொண்டார்.

"கடலைப் பாக்கோணுமோ? அது எங்கையும் ஓடிப்போகாது. பேசாமப் படு."

சில நாளில் எனக்குத் தலை இடிக்கத் தொடங்கியது. பிறகு கைகால் கனத்தது, கொட்டாவி நிற்கவில்லை, எழுந்தால் கண் இருட்டியது. பிரசவ அசதி என்று ஒவ்வொன்றுக்கும் மச்சாளிடம் பதில் இருந்தது. ஆனால் பிள்ளை பாலை விட்டுவிட்டுத் துவண்டு உறங்கியபோது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மூடிய அறைக்குள் கரி எரிந்தால் என்ன ஆகும் என்று படித்திருக்கிறேன். மச்சாளைக் கூப்பிட்டு, சாம்பிராணி போடச் சொன்னேன். புகை எழுந்து, போக வழியில்லாமல் பாய்த்துணிக்குக் கீழே தேங்கி நின்றது. அதைக் காட்டினால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ஒரு பொட்டுக் காத்தில்லை. வள்ளத்துக்குக் கலப்பத்து அடிச்ச எங்கட அப்பாவும் இப்பிடி அடைச்சிருக்கமாட்டார்."

எனக்கு அழுகை வந்தது. மேட்ரன் சொன்ன எதுவும் இங்கே செல்லாது. இவர்களுக்கு வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் ஆபத்து, கடல் கற்றுக்கொடுத்தது அதுதான்.

"மச்சாள், ஒழுகாத வள்ளத்துலயும் தண்ணி இறைக்கச் சிரட்டை வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அலை மேலால அடிச்சா? இறைக்காட்டித் தாழுமே."

"இங்க புகை கீழயிருந்து அடிக்குது. நானும் பிள்ளையும் தாழுறோம். எந்தப் பக்கமா இறைக்கிறது?"

அவர் கட்டிலருகே குந்தி, பிள்ளையின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது பொத்தென்று விழுந்தது. தணல் சட்டியை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். கதவைத் திறந்தபடியே விட்டுப் போனார். திரும்பி வந்தவர் மீன் வெட்டும் கத்தியால் பாய்த்துணியின் ஒரு மூலையைக் கிழித்து, கிடுகை விலக்கினார். வானம் ஒரு கையகலம் தெரிந்தது.

"கிழக்கால திறந்திட்டன். மேக்கால மட்டும் கேளாத."

விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுது பால் குடித்தான். மச்சாள் கொப்புளம் எழுந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். தணல் சட்டி பிறகு அறைக்குள் வரவில்லை. கிழக்கில் இருப்பது களப்பு, கடல்நீர் தேங்கிய காயல். இப்போது அறையில் சேறும் கருவாடும் மணக்கிறது. பிள்ளைக்குத் தெரிந்த காற்று அதுதான்.

யன்னல் ஆணி இன்னும் இருக்கிறது, நானும் உள்ளேதான் இருக்கிறேன். மச்சாளின் மெழுகுதிரிக்கு ஓர் இடம் மட்டும் தப்பிவிட்டது. தலையணைக்கு மேலே, மேற்குச் சுவர்ப் பலகையில் பழைய ஆணி கழன்ற ஓட்டை. நெருப்புக்குச்சியைக் காட்டினால் சுடர் என் பக்கம் சாயும். நம் ஊர் இருக்கும் திசையிலிருந்து வருகிற காற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை, அதில் கன்னத்தை வைத்துக் கிடப்பேன். நேற்றுப் பிள்ளை அடுத்தடுத்துத் தும்மினான். கச்சானில் ஒரு கெடுதலும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சேலை ஓரத்தைக் கிழித்து ஓட்டையில் செருகினேன். இன்று மச்சாள் அவனைக் குளிப்பாட்டத் தூக்கிப்போனதும் துணியை உருவிவிட்டுக் கன்னத்தை வைத்தேன். அவருடைய காலடிச் சத்தம் திரும்பி வந்ததும் மறுபடி செருகினேன்.