துணிப் பொட்டலத்தின் காது

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில மூட்டை கட்டுறேன்" என்பார் என் அண்ணி. கேட்டவர் திருதிருவென்று முழிப்பார். அதைப் பார்ப்பதில் அண்ணிக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அவர் சொல்வது பொய்யுமில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குக் கீழே ஜன்னலில்லாத ஓர் அறை. அங்கே கத்தரிகளையும் இடுக்கிகளையும் பச்சைத் துணியில் சுற்றி, கிருமி சாக நீராவியில் வைக்க அனுப்புவதுதான் அவர் வேலை. துணியைப் பட்டம் மாதிரி மூலைவாட்டில் விரித்து, நடுவில் சாமானை வைத்து, ஒவ்வொரு மூலையாக மடிப்பார். ஒவ்வொரு மடிப்பிலும் நுனியை மட்டும் சின்னதாக வெளியே திருப்பிவிடுவார். அதற்குக் 'காது' என்று பெயர். நர்ஸ் காதைப் பிடித்து இழுத்தால் போதும், உள்ளே விரல் படாமலே பொட்டலம் விரிந்துவிடும். மேலே உள்ளிருப்பதன் பெயரையும் எழுதியாக வேண்டும்.

இப்பேர்ப்பட்டவர் கிறிஸ்துமஸுக்குப் பளபளப்புத் தாள் வாங்குவாரா? அண்ணனின் பழைய சட்டைதான் தாள். சட்டைக் கை ஜாம் பாட்டிலுக்கு உறை. சட்டைப்பையோடு வெட்டிய துண்டில் சின்னச் சாமானைப் போட்டுப் பொத்தானை மாட்டிவிட்டால் முடிந்தது வேலை. பெரிய பரிசுக்குக் கிழிந்த திரைச்சீலை. பாதி உருளைக்கிழங்கில் நட்சத்திரம் செதுக்கி, சாயத்தில் தோய்த்து அந்தத் துணிமேல் அச்சுக் குத்துவார். மேலே கம்பளி நூலால் இறுக்கி ஒரு முடிச்சு.

எல்லாம் சரி, கைப்பழக்கம் விடாது. 'கம்பளிச் சட்டை, பெரியது, 1' என்று மேலே எழுதிவிடுவார்.

"பிரிக்காமலே தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிடலாம் போல" என்பான் அண்ணன். அண்ணி நாக்கைக் கடித்துக்கொள்வார். அடுத்த வருஷமும் அதே கூத்து.

நான் பள்ளி பஸ் ஓட்டியவள். சந்து முனையில் அவ்வளவு பெரிய வண்டியை ஒரே ஒடிப்பில் திருப்புவேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு என் சட்டைப் பொத்தானே எனக்கு எட்டாத தூரமாகிவிட்டது. போன கிறிஸ்துமஸில் மடியிலிருந்த பொட்டலத்தின் முடிச்சோடு இடது கையால் மல்லுக்கட்டினேன். கடைசியில் பல்லால் கடித்தேன். எல்லோரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். என் மகள் பாவம், நல்ல மனசோடுதான் அதை வாங்கிப் பிரித்து, "அம்மா, செருப்பு!" என்று தூக்கிக் காட்டினாள். நான் சிரித்துவைத்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இனிமேல் யார் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கும் போவதில்லை என்று முடிவு கட்டியதும் அங்கேதான்.

இந்த வருஷம் அண்ணி போன் செய்தபோது, ஜலதோஷம், வரவில்லை என்றேன்.

"உன் ஜலதோஷம் எனக்குத் தெரியும். கிளம்பி வா" என்று வைத்துவிட்டார்.

கோபத்தோடுதான் போனேன். மேஜைமேல் பார்த்தால் ஒரு பொட்டலத்திலும் முடிச்சில்லை. நூல் இல்லை, பசை இல்லை. எனக்கு மட்டும் என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். எல்லோருடையதுமே துணி, எல்லாவற்றிலும் காது. அண்ணன் மடியிலிருந்த நீலத் துணியில் 'காலுறை, 2 ஜோடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"இது என் சட்டைதானே? வெட்டி எனக்கே சுத்திக் குடுக்குறியா?"

"நீங்க போட்டப்ப இருந்ததவிட இப்பதான் அழகா இருக்கு."

என் மடிக்கும் ஒன்று வந்தது. வழக்கம்போல மகளின் கை நீண்டது.

"கைய எடுடி" என்றார் அண்ணி. "அவங்கவங்க பொட்டலத்த அவங்கவங்கதான் பிரிக்கணும். எங்க டிபார்ட்மெண்ட் ரூல்."

இடது கையால் காதைப் பிடித்து இழுத்தேன். அந்த மூலை எதிர்ப்பக்கம் விழுந்தது. பிறகு பக்கங்கள் இரண்டும். கடைசி மூலை என் பக்கமாகச் சரிந்தது. உள்ளே இன்னொரு பொட்டலம்! ஆபரேஷன் சாமானுக்கு இரட்டைச் சுற்று உண்டாம். அதையும் நானே பிரித்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் பிரித்தேன். சுற்றியிருந்த துணியைப் புரட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, என்னோடதுல மட்டும் ஒண்ணும் எழுதலையே. மறந்துட்டீங்களா?"

"நானா மறப்பேன்? கை பரபரன்னு வந்துச்சு. உன்னோடத சுத்துறப்ப மட்டும் பேனாவ உங்க அண்ணன்கிட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொன்னேன்."

உள்ளே இருந்தது சிவப்புக் கம்பளித் தொப்பி. சுற்றிய அண்ணியை விட்டால், அந்த அறையில் அதை முதலில் பார்த்தவள் நான். ஒற்றைக் கையாலேயே எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். கோணலாகத்தான் உட்கார்ந்தது. நேராக்கிவிட யாரும் வரவில்லை.