ஆறுதல் கடையின் ஓனரம்மா

கோவளம் நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸைப் பார்த்து, "அண்ணை, இது எப்ப வெளிக்கிடும்?" என்று கேட்டுவிட்டேன். நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஸ்ஸு எதுக்கும்மா வெளிக்கிப் போவுது? அதுக்கு டீசல் ஊத்துனா போதும்," என்றார். முன்னால் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. இங்கே அது காலைக்கடன். இந்தக் கரைக்கு வந்து வருடங்களாகியும், மனம் களைத்த நாட்களில் என் நாக்கு என்னைக் கேட்காமல் யாழ்ப்பாணம் போய்விடுகிறது. எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். தோளில் உடுப்புப் பை, கையில் பித்தளை இடியப்ப உரல், தெற்கே மாமல்லபுரம் போகிற சாலையின் ஓரமாக நடக்கத் தொடங்கினேன். களைத்தால் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். பூட்டிவிட்டு வந்தது என் சொந்தக் கடையை. மறுநாள் காலை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் சமையலறையில் சேரச் சொல்லியிருந்தார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல வெளிக்கிட்டு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் குருநகரில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கல்யாணம் செய்தவர் வன்னியில் காணாமல் போனவர்களில் ஒருவர். படகில் இந்தப் பக்கம் வந்து, முகாமில் இருந்து, திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டி, பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றில் சமைத்து, அங்கேயும் நிற்கப் பிடிக்காமல் கோவளத்துக்கு வந்தேன். ஒரு இடம் பழகத் தொடங்கினால் எனக்குக் கால் அரிக்கும். கோவளத்தில் மட்டும் கொஞ்சம் அதிகம் நின்றேன். காரணம் கடலாக இருக்கலாம். ஆனால் அதுவும் நம் கடல் இல்லை. குருநகர்க் கடலில் முழங்காலளவில் கனதூரம் நடந்து போகலாம், அலை கோழிக்குஞ்சு போலக் காலைக் கொத்தும். இங்கே கரையிலேயே ஆளை அடித்து விழுத்தும். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் குடும்பம் குடும்பமாகக் கோயில் வாசலில் நின்று கதைப்பார்கள். நான் கடைசி வாங்குப் பலகையிலிருந்து எழுந்து நேராகக் கடற்கரைக்குப் போய், அந்த அடிக்கிற கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னோடு கதைக்க அதற்கும் நேரம் இருக்காது.

பிலோமினா அக்கா தன் வீட்டின் முன்னறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த அறையின் ஜன்னல் வழியாகத்தான் இடியப்பம் விற்கத் தொடங்கினேன். முதலில் வந்தவர் லூர்து அண்ணன். விடியற்காலையில் கடலுக்குப் போய் வந்து, இடுப்பில் ஈரச் சாரத்தோடு ஜன்னலில் நின்றார்.

"இன்னாமே இது, மஞ்சத் தண்ணி?"

"சொதி, அண்ணை."

"ஜோதியா?"

"சொதி. தேங்காய்ப்பாலில வைக்கிறது."

சாப்பிட்டார். தட்டை நீட்டினார். "இன்னும் ரெண்டு வையி. ஜோதி நெறையா ஊத்து." அன்றிலிருந்து கோவளத்தில் சொதிக்கு ஜோதி என்று பெயர். நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு நான் யார் என்ற எண்ணம் எனக்கு எல்லாவற்றிலும் இருந்தது.

பலகை வந்த கதையும் அப்படித்தான். கடைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று பிலோமினா அக்கா வற்புறுத்தி, பெயின்டர் சேகரைக் கூட்டிவந்தார். கோயில் திருவிழாத் தட்டிகளும் ஜெபக்கூட்டப் பலகைகளும் எழுதுகிறவர். "பேரு இன்னாக்கா?" என்றார். எனக்கு இன்னும் பெயர் தோன்றவில்லை. அடுப்பில் மா வறுபட்டுக்கொண்டிருந்தது. "ஆறுதலா எழுதுங்கோ தம்பி," என்றேன். நம் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். யோசித்துச் சொல்கிறேன், பிறகு எழுதலாம் என்றுதான் சொன்னேன். பின்னேரம் பலகை வந்தது. நீல நிறத்தில் பெரிதாக "ஆறுதல்" என்று எழுதி, மேலே ஒரு சிலுவையும் பக்கத்தில் ஒரு புறாவும் வரைந்திருந்தார். புறா நன்றாக இருந்தது. இடியப்பம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரமே ஒரு பெண் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்து, "சிஸ்டர், பிரேயர் எத்தினி மணிக்கு?" என்றார். மகன் யாரோ ஒரு பெண்ணோடு போய்விட்டான், ஒரு போன்கூட இல்லை என்று அழுதார். பிரேயர் இல்லை, இடியப்பம்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்துப் பக்கத்தில் இருந்தேன். அவர் போய் இன்னொருவரிடம் சொன்னார். பிறகு வேலை போனவர், குழந்தை இல்லாதவர், சும்மா பேச ஆளில்லாதவர் என்று வந்தார்கள். சிலர் சாப்பிட்டார்கள், சிலர் அழுதுவிட்டுப் போனார்கள். கோயில் கமிட்டியில் இருக்கிற ஒரு பெரியவர் ஜன்னலில் நின்று, "இன்னாம்மா, அல்லேலூயா கூட்டம் ஆரம்பிச்சிட்டியா? ஃபாதருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இடியப்பம் என்று தட்டைக் காட்டினேன். "அப்போ அந்த புறா எதுக்கு, வறுக்கவா?" என்றுவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு எதிலும் கை ஓடவில்லை. கடைக்காரியும் இல்லை, ஜெபம் பண்ணுகிறவளும் இல்லை. இரண்டு பெயரிலும் ஏமாற்றுகிறேன் என்று பட்டது.

இதைவிட மோசமான ஒன்று இருந்தது. கடை தொடங்கிய நாட்களில் யாரோ, "ஓனரு யாரு?" என்று கேட்டார்கள். "அவ வெளியில போயிட்டா," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படி ஒருத்தி உண்டாகிவிட்டாள். சென்னையில் இருக்கிறாள், எப்போதாவது வருவாள், கண்டிப்பானவள். சொதியில் உப்புக் கூடினால், "ஓனரம்மா ஏசுவா" என்பேன். பிந்தித் திறந்தால், "ஓனரம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்பேன். இவ்வளவு தூரம் பிழைத்து வந்தவள் இதற்கு ஏன் பயந்தேன் என்று கேட்கலாம். பசிக்கும் போலீசுக்கும் பயப்படுவது வேறு. இது என்னுடையது என்று சொன்னால் யாராவது வந்து, உன்னுடையதா, எப்படி என்று கேட்பார்கள் என்ற பயம் வேறு. அகதி அட்டை வைத்திருக்கிறவளின் கையில் எதுவும் இரவல்தான். கோயிலில்கூட நோயாளிகளுக்காகவும் கடலில் நிற்கிறவர்களுக்காகவும்தான் மன்றாடினேன். கடைக்காக ஒருநாளும் மன்றாடியதில்லை. தனக்கென்று கேட்கிறவள் பெருமை பிடித்தவள் என்று சின்ன வயதில் கேட்டது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த மேனேஜர் வந்தார். மாமல்லபுரத்து ரிசார்ட்காரர். காரில் போகும் வழியில் நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஓனர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எங்க கிச்சனுக்கு வந்துடுங்க. தங்க ரூம் தர்றோம். இங்க யாருக்கோ உழைக்கிறதுக்கு அது மேல்," என்றார். என்னை என்னிடமிருந்தே பிரித்துக்கொண்டு போகப் பார்த்தார், பாவம். நான் சிரித்திருக்க வேண்டும். ஓம் என்று சொல்லிவிட்டேன். இன்னொருவரின் சமையலறை, இன்னொருவரின் பெயர், சம்பளம், ஒரு கட்டில். மூச்சு விட்டதுபோல இருந்தது. பலகையைக் கழற்ற மனம் வரவில்லை. மாட்டியபடி விட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

சவுக்குத் தோப்புகளின் ஓரமாக நடந்தேன். வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. கார்கள் காற்றை என் மேல் எறிந்துவிட்டுப் போயின. ஏனோ அம்மாவின் நினைவு வந்தது. அம்மா குருநகரில் செத்தபோது நான் பொத்தேரியில் இருந்தேன். போக முடியாது. தம்பி கனடாவிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பினான். அவனும் போகவில்லை, யாரோ எடுத்தது. அம்மாவின் முகத்தைவிட எனக்கு நினைவில் நிற்பது பந்தலின் ஓரத்தில் அயலட்டைப் பெண்கள் சாப்பாட்டுச் சட்டிகளை இறக்கிய காட்சிதான். செத்த வீட்டில் அடுப்பு எரியாது, அயலார்தான் கொடுக்க வேண்டும். பொத்தேரி விடுதியில் என் அம்மா செத்தது ஒருவருக்கும் தெரியாது. அன்று மாணவர்களுக்குப் பூரி. நான் பூரி பொரித்தேன். நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆள் இல்லை.

திருவிடந்தை வருமுன் பின்னாலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து உரசுவதுபோல நின்றது. ஓட்டி வந்தவர் பாஸ்கர். தினமும் காலையில் என் கடையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

"சிலோன் அக்கா, மூட்டயத் தூக்கிகினு எங்க போய்கினு கீற? ஸ்டாப்பாண்ட கேட்டா, வெளிக்கிப் போற பஸ்ஸத் தேடுன அம்மா இப்டிக்கா நடந்து போவுதுன்றான்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்தினார்.

"லூர்து அண்ணாத்த பூட்டாருக்கா. படகக் கரையில தள்ளசொல்லோ நெஞ்சப் புடிச்சிகினு உக்காந்தாரு. அப்டியே."

உரலைத் தரையில் வைத்தேன்.

"நாளைக்கி சாயங்காலந்தான் அடக்கம். பழவேற்காட்டுலேர்ந்து சொந்தக்காரங்கல்லாம் வந்துகினு கீறாங்க. காலைல எல்லாருக்கும் நாஸ்தா குடுக்கணும். அவரு சம்சாரம் ஸ்டெல்லாக்கா அழுதுகினே சொல்லுது, அவரு எங்க சாப்புட்டாரோ அங்கியே சொல்லு, ஆறுதல்லியே சொல்லுன்னு. பெரிய ஆர்டரு. ஓனரம்மா நம்பரக் குடு, நான் பேசிக்கிறேன்."

சாலையில் ஒரு லாரி போனது. அவள் ஊரில் இல்லை என்று சொல்லலாம். அடுத்த பஸ்ஸில் ஏறலாம். லூர்து அண்ணனின் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறது, அவர்கள் என்னைக் கேட்கிறார்கள் என்பதும் மனதில் ஓடியது.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை தம்பி. நான்தான்."

"நீதான்னா?"

"கடை என்ரதான். ஓனர் நான்தான்."

பாஸ்கர் என்னைப் பார்த்தார், உரலைப் பார்த்தார். "அப்போ மெட்ராசுல கீறாங்கன்னியே, உப்பு ஜாஸ்தியானா திட்டுவாங்க, லேட்டானா திட்டுவாங்கன்னு?"

"ஓம்."

"அப்போ இத்தினி நாளா உன்ன நீயேவா திட்டிகினு கெடந்த?"

அவர் உரலைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார். "ஏறுக்கா. தேங்கா வாங்கணும்," என்றார்.

அன்று மாலையே பிலோமினா அக்காவையும் அயலில் இரண்டு பெண்களையும் கூப்பிட்டேன். முதல் தடவையாக மற்றவர்களுக்கு வேலை சொன்னேன். மாவை இந்த நிறம் வரும்வரை வறுங்கோ, தண்ணி கொதித்த கையோடு விடுங்கோ, இது பிசகினால் நூல் அறுந்துபோகும் என்றேன். பிலோமினா அக்கா, "ஓனரம்மா சத்தம் போட்றாங்க, ஒயுங்கா கிண்டுங்கடி," என்றார். எல்லோரும் சிரித்தோம். செத்த வீட்டுச் சமையல் என்பதால் உடனே அடக்கிக்கொண்டோம்.

விடிந்ததும் மேனேஜர் போன் செய்தார். "கிளம்பிட்டீங்களா? ஓனர் விட்டாங்களா?"

"இல்லை ஐயா. ஓனரம்மா விடமாட்டாவாம்," என்றேன். அவர் வருத்தப்பட்டார். நல்ல மனிதர்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பாஸ்கரின் ஆட்டோவில் சட்டிகளைக் கொண்டுபோய் இறக்கினோம். பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி சொதியை முகர்ந்துவிட்டு, "இத்த யாரு செஞ்சது? யாரு ஓனரு?" என்று கேட்டாள். பாஸ்கர் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். "நான்தான்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தட்டை நீட்டினாள். உன்னுடையதா, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா அக்கா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்தார். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை என்றார்கள். நான் ஒரு தட்டில் இரண்டு இடியப்பம் வைத்து, லூர்து அண்ணன் கேட்பதுபோல ஜோதி நிறைய ஊற்றி, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஆறுதலா சாப்பிடுங்கோ அக்கா," என்றேன்.

அவர் என் தோளில் சாய்ந்து நெடுநேரம் அழுதார். பிறகு ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். அந்தச் சொல்லில் அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எந்தக் கரையின் தமிழில் அதைச் சொன்னேன் என்பது எனக்கே தெரியவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை, அவசரமில்லாமல், தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.