மாமியை ஜெயிக்க மயிலாப்பூருக்கு

எழுபத்தொன்பதாம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. மெரினாவைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்த என்னை, மச்சினன் சண்முகம் பாண்டி பஜாரில் பஸ் ஏற்றி மயிலாப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனான். தி. நகர் ஜவுளிக்கடையில் விற்பனையாளன் அவன்.

"கடல் எங்கயும் போயிராது அத்தான். அந்தப் பெட்டி நாளைக்கு சிங்கப்பூர் போயிரும்."

அது டி.வி.யில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி. கடையில் புடவை எடுக்கும் பத்மா மாமியின் சிங்கப்பூர் மகன் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. ஐந்து வாரமாகச் சண்முகம் மாமியிடம் தோற்றுக்கொண்டிருந்தான். கடையில் எல்லோரும் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்களாம். ஜெயிக்க இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.

டிக்கெட் முப்பது பைசா. நாலைந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம்! "இன்னா சார், படியிலயே நின்னுகினுகீறே? உள்ள போ" என்று கண்டக்டரிடம் வசவு வேறு.

ஆறரைக்கு மாமி வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. ஏழரைக்கு டி.வி.யில் சினிமாப் பாட்டு, அதற்குத்தான் கூட்டம். அதுவரை ஆட்டம். திரையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு, நடுவில் ஓடும் ஒரு புள்ளி. குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் புள்ளியைத் தடுக்க வேண்டும்; தவறவிட்டால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட். முதலில் பதினைந்து எடுப்பவருக்கு வெற்றி. இதற்கா மெரினாவை விட்டேன் என்று எரிச்சலாக வந்தது.

முதல் இரண்டு ஆட்டமும் மாமிக்கு. மூன்றாவதில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றபோது மணி ஏழரை. மாமியின் கணவர் பாட்டு வைக்க எழுந்தார். சண்முகத்தின் முகம் செத்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த பூக்காரம்மா கத்தினாள்: "ஐயிரே, அத்தக் கயட்டாதே! பாட்டு அடுத்த வாரமும் வரும். இது வருமா?"

"ஆமா, ஆமா!" என்றது கூடம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. பிறகு சண்முகம் இரண்டு பாயிண்ட் அடுத்தடுத்து எடுத்தான்.

மாமி சிரித்தார். "ஜெயிச்சுட்டேள். ஆனா உங்க கடையில யாரும் நம்பமாட்டா."

திரும்பும் வழியெல்லாம் சண்முகம் புலம்பினான். "நீங்கதான் அத்தான் சாட்சி. ஒரு நாள் இருந்துட்டுப் போங்க."

ரயிலை விட்டேன். மறுநாள் காலை கடையில் நின்று நடந்ததைச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று சொல்லித் தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.

"அட, அப்புறம்?" என்றார் முதலாளி, புடவை எடுக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு.